தானா எரியுற லைட்டு

மகன் மகேஷ் அந்த டப்பாவை மேஜைமேல் வைத்தபோதே வெள்ளைத்துரைக்கு எரிச்சல் வந்துவிட்டது. அட்டைக்குள் அட்டை, அதுக்குள் பிளாஸ்டிக் பை, அதுக்குள் இன்னொரு பை. எல்லாத்தையும் உரித்துப் பார்த்தால் அரை இட்லி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சாமான். நடுவில் கண்ணாடிப் பொட்டு ஒன்று, பின்னால் மூணு வயர். இதுக்கா இத்தனை சிங்காரம் என்று இருந்தது அவருக்கு.

“சென்சார்ப்பா, கேட் லைட்டுக்கு,” என்றான் மகேஷ். “பொழுது சாஞ்சா தானா எரியும். விடிஞ்சா தானா அணைஞ்சிரும். இனிமே யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம்.”

“யாரும்னா யாருலே?”

மகேஷுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் பார்த்துத்தான் போன் வரும். காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

யாரும் என்று அவன் சொன்னானே, அது ஒரே ஒரு ஆள்தான். அடையாறில் அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து கேட் லைட்டைப் போடுகிறவர் வெள்ளைத்துரை. கூடத்தில் வாசக்கதவை ஒட்டி சுவிட்ச் இருந்தது. பொழுது சாயும்போது கைகால் கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுவிட்சைத் தட்டி, தட்டிய விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எரிகிற விளக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவர் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் துணிக்கடை போட்டு நாற்பது வருஷமாகக் கட்டிக்காத்த முறை அது. சாயங்காலக் கடை விளக்கை முதலாளிதான் போட வேண்டும். அவர் கும்பிட்டால் கடையே கும்பிடும். சேலை விரித்துக்கொண்டிருக்கிற பெண் சேலையை அப்படியே விட்டுவிட்டுக் கும்பிடும். விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற அம்மாகூட ஒரு நிமிஷம் சண்டையை நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொள்வாள்.

மகேஷ் தலையெடுத்தான். கடைக்கு ஏசி வந்தது. ஜன்னலை எல்லாம் மூடினான். காலையில் ஷட்டரைத் தூக்கினதிலிருந்து ராத்திரி இழுத்துப் பூட்டுகிறவரைக்கும் எல்லா விளக்கும் எரிந்துகொண்டே கிடந்தன. எரிந்துகொண்டிருக்கிற விளக்கை முதலாளி எப்படிப் போடுவார்? அதை யோசிக்கிற அளவுக்கு அந்தப் பயலுக்கு மூளை இருந்தால்தானே. கொஞ்ச நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பில் போடுகிற மிஷினை மருமகள் தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, வயர் போகுது,” என்றாள் ஒரு நாள். வயருக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகு அங்கே என்ன வேலை? மறுநாளிலிருந்து அவர் கடைக்குப் போகவில்லை.

மனைவி ஜெயபாரதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பேரன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். பகலெல்லாம் அந்தப் பெரிய வீட்டில் அவரும் டிவியும்தான். அவர் கையால் நடக்கிற காரியம் என்று மிச்சம் இருந்தது அந்தக் கேட் லைட்டு ஒன்று. இப்போது அதையும் அரை இட்லி வந்து பிடுங்கிக்கொண்டு போகப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைதாப்பேட்டையிலிருந்து மெஹபூப் பாஷா வந்தான். அந்த வட்டாரத்தில் எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவன் கழற்றியதைத் திரும்ப மாட்டினால் ஒரு ஸ்குரூவாவது மிஞ்சும்.

“எங்க சார் மாட்டறது?” என்றான் மகேஷைப் பார்த்து. “கண்ணு மாதிரி கீது பாரு இது.”

கண் என்று அவன் சொன்னதுதான் தாமதம், தாரணி உள்ளேயிருந்து வந்துவிட்டாள். நங்கநல்லூர்க்காரி. வாஸ்து பார்க்காமல் விளக்குமாற்றைக்கூடச் சுவரில் சாத்த மாட்டாள். “கண்ணுன்னா கிழக்கு பாத்துதான் இருக்கணும் பாஷாண்ணா. தெற்கு பாக்கவே கூடாது,” என்றாள். மகேஷ் மறுப்பான் என்று வெள்ளைத்துரை எதிர்பார்த்தார். அவனோ யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, கிழக்குதான் நல்லது என்று தலையாட்டினான். எஞ்சினியரிங் படித்தவனாம், போட்டோ வேறு மாட்டி வைத்திருக்கிறான் தொப்பியோடு.

கேட் மேற்கே இருந்தது. கிழக்கு பார்த்த இடம் என்றால் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம்தான். அங்கே கேட் தூணை ஒட்டிப் பிள்ளையார் மாடம் இருந்தது. கண்ணாடிக் கதவு, பின்னால் பளபளவென்று எவர்சில்வர் தகடு, மேலே ஒரு பல்பு. அந்தப் பல்பு ராப்பகலாக எரியும். கடை திறந்த வருஷம் வெள்ளைத்துரை வேண்டிக்கொண்டது அது. புயலடித்து ஊரே இருட்டிக் கிடந்தபோதுகூட இன்வெர்ட்டர் வைத்து எரியவிட்டாரே தவிர, பிள்ளையாரை ஒரு நாள் இருட்டில் விட்டதில்லை.

பாஷா அந்த மாடத்தின் நெற்றியிலேயே சென்சாரை வைத்து மார்க் பண்ணினான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெள்ளைத்துரைக்குத் தெரிந்துவிட்டது. பல்பு வெளிச்சம் தகட்டில் பட்டு நேரே அந்தக் கண்ணில்தான் அடிக்கும். வெளிச்சம் பார்த்தால் அது பகல் என்று நினைக்கும். பகல் என்று நினைத்தால் எப்படி எரியும்? ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அவரை யார் கேட்டார்கள்? கேட்காத இடத்தில் போய்ச் சொல்ல அவர் என்ன வேலைக்காரனா? மாட்டட்டும், நல்லா மாட்டட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

மகேஷுக்கே ஒரு சந்தேகம் வந்தது. “இந்தப் பல்பு வெளிச்சம் ஒண்ணும் பண்ணாதே?”

“அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது சார். நான் இன்னா இன்னிக்கி நேத்தா மாட்றேன்?” என்றான் பாஷா. அடுத்த வாய்க்கு வெற்றிலைப் பாக்கைப் போட்டுக்கொண்டு டிரில்லிங் மிஷினை எடுத்தான்.

மாட்டி முடித்ததும் கூடத்து சுவிட்சை நிரந்தரமாகப் போட்டுவிட்டு, அதன்மேல் செலோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான் மகேஷ். “இதைத் தொட்டுறாதீங்கப்பா,” என்றான். வாயில் விரலை வைக்கிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். வெள்ளைத்துரை அன்றைக்கு அந்த சுவிட்ச் பக்கம் பார்வையைத் திருப்பியதுதான் கடைசி. டேப் ஒட்டிய முகத்தில் இனி முழிப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் லைட் எரியவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் எரிந்தது. இங்கே கேட்டு கும்மிருட்டு. பிள்ளையார் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்துரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடையிலிருந்து வந்த மகேஷ் இருட்டில் பைக்கைத் தூணில் இடித்தான். “செட்டாக ஒரு நாள் ஆகும்ப்பா,” என்றான். “ஆமாமா, புதுசா வந்த மருமக மாதிரி. செட்டாகும், செட்டாகும்,” என்றார் அவர். தாரணி திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது அவருக்கு ஒரு நப்பாசை. தெருவில் ஆள் இல்லை. மாடத்துக்குக் கீழே தகர மூடிக்குள் பிள்ளையார் பல்பின் சுவிட்ச் இருந்தது. அதைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. “ஐயா, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிடும்,” என்று சொல்லிவிட்டு அணைத்தார். பிள்ளையார் இருட்டில் மறைந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தலைக்குமேல் கேட் லைட்டு பளிச்சென்று எரிந்தது.

அட சவத்து மூதி! இந்தக் கண்ணுக்கு இவ்வளவுதான் அறிவா?

உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது அவருக்கு. தானா எரிகிற லைட்டாம். யார் கையில் இருக்கிறது சுவிட்ச் இப்போது? விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிட்டார். பல்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கேட் லைட்டு அணைந்தது. அப்படியானால் ராத்திரி முழுக்கப் பிள்ளையார் இருட்டில்தான் இருக்க வேண்டும். வேண்டுதல் என்று ஒன்று இருக்கிறதே என்று மனசு கொஞ்சம் இடித்தது. “பகல் பூரா உமக்கு எரியட்டும், ராத்திரி எனக்கு எரியட்டும். நீரும் நம்மாளுதானே, அனுசரிச்சுக்கிடும்,” என்று பேசி முடித்தார்.

அன்றைக்கு வந்த மகேஷ் கேட்டில் நின்று லைட்டை அண்ணாந்து பார்த்தான். “பாத்தீங்களாப்பா? நான்தான் சொன்னேன்ல, செட்டாயிருச்சு.” கடைத்தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தான். அண்ணாச்சிகள் நாலு பேர் அதே சாமானுக்கு ஆர்டர் போட்டார்களாம். வெள்ளைத்துரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கூறுகெட்ட பய. அப்பன் விரல் ஆட்டினால் எரிகிறது என்று தெரியாமல் டப்பாவுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆடி வந்தது, ஆவணி போனது. தினமும் பொழுது சாய்ந்தால் மாடத்துக்கு முன்னால் போய் நிற்பார், அணைப்பார், கேட் லைட்டு எரியும், கும்பிடுவார். சில நாள் உடனே எரியும், சில நாள் ஒரு கொட்டாவி விடுகிற நேரம் ஆகும். காலையில் அவர் எழுந்து வருவதற்குள் கேட் லைட்டு அணைந்திருக்கும். பிள்ளையார் பல்பைப் போட்டுவிடுவார். பிள்ளையாரும் பழகிக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, அந்த மருமகளைத் தவிர. முன்பெல்லாம் புருஷனோடு கடையைப் பூட்டிவிட்டு வருகிறவள், ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்க ஆரம்பித்தாள். ஆடி மாசம் ஆறு மணி என்றால் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் நின்றால் அப்படியே கூட்டம் கடைக்குள் கொட்டும். அந்த நேரத்தில் கல்லாவை விட்டுவிட்டு வருகிறவளை என்னவென்று சொல்வது? வந்து ஒரு டீயைப் போட்டு அவர் பக்கத்தில் ணங்கென்று வைத்துவிட்டு, கூடத்து ஜன்னலோரம் போனும் கையுமாக நிற்பாள். விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஊர் சுற்றுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

காலையில் தெருவில் நடக்கப் போகிற ஆட்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். “யாவாரம் தெரிஞ்சவளா இருந்தா அந்த நேரத்துல நகருவாளா? நாற்காலி சூடாகுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடியாரா. இவதான் நாளைக்குக் கடையை நடத்தப் போறா, பாத்துக்கிடுங்க.” அவர்களும் ‘ச்சொ ச்சொ’ என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வானம் மூடிக்கொண்டு, ஐந்து மணிக்கே எட்டு மணி மாதிரி இருட்டிவிட்டது. ஆறு மணி தாண்டியும் தாரணியைக் காணோம். இன்றைக்காவது கல்லாவில் உட்கார்ந்தாளே என்று நினைத்தபடி குடையை விரித்துக்கொண்டு மாடத்துக்குப் போனார். பல்பை அணைத்தார்.

கேட் லைட்டு எரியவில்லை.

கொட்டாவி நேரம் ஆயிற்று. வெற்றிலை போடுகிற நேரம் ஆயிற்று. பல்பைப் போட்டுத் திரும்ப அணைத்தார். “என்னவே விளையாட்டு இது?” என்று சென்சாரைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மழை குடைமேல் பொத்துக்கொண்டு ஊற்றியது. சென்சார் மாட்டிய முதல் நாளை விட்டால், நாற்பது வருஷத்தில் விளக்கு வைக்காத பொழுது ஒன்று வரப் போகிறதா என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

அப்போது தெருமுனையில் ஸ்கூட்டர் வெளிச்சம் தெரிந்தது. தொப்பலாக நனைந்து தாரணி வந்தாள். கேட்டைத் தள்ளி, ஸ்கூட்டரை நிறுத்தாமல் சாய்த்துப் போட்டு, அவரைப் பார்க்காதவள் போல வீட்டுக்குள் ஓடினாள். அவள் உள்ளே போனதுதான் தாமதம், கேட் லைட்டு எரிந்தது.

வெள்ளைத்துரை கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார்.

குனிந்து பிள்ளையார் பல்பைப் போட்டார். சட்டப்படி கேட் லைட்டு அணைய வேண்டும். அணையவில்லை. பிள்ளையாரும் எரிந்தார், கேட்டும் எரிந்தது. இரண்டு வெளிச்சத்திலும் அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சென்சாரின் வயர்கள் மூணும் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மாடத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. டேப்பில் ஒட்டடை படிந்து கிடந்தது.

கூடத்துக்கு வந்தார். தாரணி சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி ஜன்னலோரம் நின்றாள். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்ச். செலோ டேப் ஒரு பக்கம் உரிந்து, தூசி பட்டுக் கதவு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப கழட்டினது?” என்றார்.

“போட்ட நாலாம் நாளே மாமா,” என்றாள் அவள். “மழைத்தண்ணி உள்ள போய் கெட்டுப்போச்சு. பட்டப்பகல்ல எரியுதுன்னு எதிர்வீட்டம்மா போன் பண்ணாங்க. உங்க மவன் சூரத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தாரு. நான் பாஷா அண்ணனைக் கூட்டியாந்து வயரைக் கழட்டி, லைட்டைப் பழையபடி சுவிட்சுலயே குடுக்கச் சொல்லிட்டேன். நீங்க சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க.”

“அவன்கிட்ட சொல்லலியா?”

“எப்படிச் சொல்றது? தெரு பூரா பெருமையடிச்சு வச்சிருக்காரு. சரி, உங்ககிட்டயாவது சொல்லலாம்னு அன்னிக்கு சாயங்காலம் பாக்குறேன், நீங்க பிள்ளையாரை அணைச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு, அந்த லைட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. நான் சுவிட்சைப் போட்டேன். உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு.” அவள் தலையைத் துவட்டினாள். “அப்புறம் தினம் போட வேண்டியதாப் போச்சு.”

“என்னை என்ன கோட்டிக்காரன்னு நெனச்சியா?” குரல் உயர்ந்துவிட்டது அவருக்கு.

தாரணிக்கும் அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா அவரு அந்தப் பக்கம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. ரெண்டு மூஞ்சிக்கும் நடுவுல உக்காந்து நான்தான் சோறு போடணும். அதுக்கு ஒரு சுவிட்சை அமுக்குறது சுலபம் மாமா.”

“இதுக்காகவா தினம் ஆறு மணியானா ஓடியாந்த?”

“பின்ன? கூட்டத்துல கல்லாவை விட்டுட்டு சைதாப்பேட்டை டிராபிக்ல வந்து நிக்கணும்னு எனக்கு வேண்டுதலா? போட்டுட்டு மறுபடியும் கடைக்குத்தான் ஓடுறேன். இன்னிக்கு அங்க முட்டளவு தண்ணி, அதான் லேட்டு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீங்க தெருவுல என்ன சொல்லிட்டுத் திரியிறீங்கன்னும் எனக்குக் காதுல விழத்தான் செய்யுது,” என்றாள்.

வெள்ளைத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மாடம் தெரிந்தது. ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ராத்திரி ராத்திரியாகப் பிள்ளையாரை இருட்டில் உட்கார வைத்திருக்கிறார், வெட்டிப்போட்ட வயருக்காக. விரலை ஆட்டி ஆட்டி முதலாளி வேஷம் கட்டியிருக்கிறார். இந்தப் பிள்ளை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கூத்து நடத்தியிருக்கிறது. அவமானமாக இருந்தது. அதைவிட, நடந்துபோகிற ஆட்களிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் அவர் வாயில் மன்னிப்பு என்ற சொல் வந்ததாகச் சரித்திரம் இல்லை. தொண்டையைச் செருமினார்.

“தீபாவளி யாவாரத்துல கல்லாவை விட்டுட்டு வர்றவ ஒரு மருமகளா?” என்று கத்தினார். “நாளையில இருந்து கடை பூட்டுறதுக்கு முன்னாடி நீ இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

தாரணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “சரி மாமா,” என்றாள். ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் வெள்ளைத்துரை கைகால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தொங்கிய செலோ டேப்பை உரித்துச் சுருட்டி எறிந்தார். சுவிட்சைத் தட்டினார். கேட் லைட்டு எரிந்தது. வெளியே போய்ப் பார்த்தார்; மாடத்தில் பிள்ளையாரும் எரிந்தார். “தப்புதான்யா,” என்று அவரிடம் மட்டும் சொன்னார். கல்லுக்குச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

கும்பிட்டு முடிப்பதற்குள் போன் அடித்தது. மகேஷ், வீடியோவில். பின்னால் கடையே தெரியாத அளவுக்குக் கூட்டம். பக்கத்தில் பாத்திரக்கடை அண்ணாச்சி தலையை நுழைத்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, அண்ணாச்சி வாங்கின சென்சார் எரியவே இல்லையாம். எல்லாமே டூப்ளிகேட்டுன்னு சொல்றாரு. நம்ம லைட்டைக் காட்டுங்க.”

வெள்ளைத்துரை போனைத் திருப்பி லைட்டைக் காட்டினார்.

“பாத்தீங்களா அண்ணாச்சி? யாருப்பா போட்டது? நீங்களே சொல்லுங்க.”

நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரே ஒரு வரி போதும். எஞ்சினியர் மூஞ்சி கடைத்தெரு முழுக்கக் கிழிந்து தொங்கும். எத்தனை மாசமாக இந்த நேரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்! போனைத் தன் பக்கம் திருப்பினார். மகேஷின் தோளுக்குப் பின்னால் கல்லா தெரிந்தது. தாரணி பில் போட்டுக்கொண்டிருந்தவள், கையை மிஷின்மேல் வைத்தபடி, தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தாள்.

“யாரு போட்டதா?” என்றார் வெள்ளைத்துரை. “ஒருத்தரும் போடல அண்ணாச்சி. தானா எரியுது. நல்ல சாமான்.”

தாரணி குனிந்து அடுத்த பில்லைப் போட ஆரம்பித்தாள்.